பழைய பென்ஸை வடசென்னையில் வைத்துக் காப்பாற்றுவது எப்படி?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரியப்பா ஓட்டிய 2008 மாடல் பென்ஸ் இ220 சிடிஐ இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. கருப்பு நிறம், 1,30,000 கி.மீ. ஓடியது, பெரியப்பாவுக்குக் கண் பார்வை குறைந்ததால் கடைசி இரண்டு வருடம் வாசலில் கவர் போட்டு நின்றிருக்கிறது. தினமும் எப்படித் துடைப்பது, முதலில் எந்த வேலையைச் செய்வது, எல்இடி பல்ப், ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன், 18 இன்ச் வீல், செராமிக் கோட்டிங் இதெல்லாம் போடலாமா என்பது கேள்வி.

தம்பி, ஸ்க்ரீனையும் வீலையும் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள். டபிள்யூ211 என்று சொல்கிற இந்த வரிசை 2002 முதல் 2009 வரை வந்தது. உங்களுடையது 2006இல் திருத்தம் செய்த பிறகு வந்த வண்டி, அந்த வரிசையில் வாங்கத் தகுந்தது அதுதான். 2148 சிசி, நாலு சிலிண்டர் டீசல், டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் 1,30,000 கி.மீ. இந்த எஞ்சினுக்குப் பெரிய விஷயமே இல்லை. நம் பக்கத்தில் ஓடிக் கெட்ட பென்ஸைவிட நின்று கெட்ட பென்ஸைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தண்ணீர் தேங்கக் கூடாத இடத்தில் தேங்குகிறது, அதில் உப்பும் தூசியும் சேர்கிறது, அப்புறம் எலக்ட்ரிக்கல் தொல்லை ஒவ்வொன்றாக ஆரம்பிக்கிறது. அதனால் இங்கே கழுவுவதையும் சர்வீஸையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள், கழுவும்போதுதான் பாதிக் கோளாறு கண்ணில் படும்.

நம் ஏரியாவின் காற்றை யோசித்துப் பாருங்கள். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று உப்போடு வருகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற மண், வடக்கே அனல் மின் நிலையப் பக்கத்திலிருந்து சாம்பல், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை ரயில் யார்டுகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள். காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியோடு கிளம்புகிற மீன் வண்டிகள் வழியெல்லாம் உப்புத் தண்ணீரை ஒழுகவிட்டுப் போகும், அதன் பின்னால் நீங்கள் போனால் அந்தத் தண்ணீர் நேராக உங்கள் வண்டியின் அடிவயிற்றில் தெறிக்கும். அடையாறில் நிற்கிற வண்டிக்குச் சொல்கிற யோசனை இங்கே அப்படியே பொருந்தாது.

கவரை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பானெட்டைத் திறப்பது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் தட்டுக்கு அடியில், இரண்டு ஓரத்திலும் மழைத் தண்ணீர் இறங்க வழி இருக்கிறது. வேப்பிலையும் புங்க இலையும் மக்கிச் சேறாகி அதை அடைத்துவிடும். அடைத்தால் தண்ணீர் போக இடமில்லாமல் ஏசி காற்று இழுக்கிற வழியாக உள்ளே இறங்கும், இல்லையென்றால் ஓரத்தில் மூடிக்குள் இருக்கிற ஃப்யூஸ் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியோடு சேர்ந்திருக்கிற சாம் என்கிற கட்டுப்பாட்டு யூனிட்தான் லைட், வைப்பர், ஹார்ன் எல்லாவற்றுக்கும் தலைவர். அது நனைந்து பச்சை பிடித்தால் ஒருநாள் வைப்பர் தானாக ஓடும், இன்னொரு நாள் இண்டிகேட்டர் வேலை செய்யாது, எந்த எலக்ட்ரீஷியனாலும் ஒரே தடவையில் பிடிக்க முடியாது. இலையைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள், அது வண்டிக்கு அடியில் தரையில் விழ வேண்டும். சன்ரூஃப் இருந்தால் அதற்கும் நாலு மூலையில் சன்னமான குழாய் இருக்கும், அதிலும் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அது வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், குழாய் உள்ளே கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டியதாகிவிடும்.

அடுத்தது டிக்கி. இந்த வண்டியில் பேட்டரி முன்னால் இல்லை, டிக்கித் தரைக்கு அடியில் வலது பக்கம் இருக்கிறது. மேட்டைத் தூக்கி அந்தக் குழியையும் ஸ்டெப்னி இருக்கிற குழியையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பின் லைட்டைச் சுற்றியிருக்கிற ரப்பரோ டிக்கி ரப்பரோ காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதை மாற்றாமல் புதுப் பேட்டரி போடுவது வீண். ரப்பர் எல்லாவற்றையும், கதவுகளில் இருப்பதையும் சேர்த்து, ஈரத் துணியால் துடைத்துக் காயவைத்து சிலிகான் க்ரீஸை விரல் நுனியில் எடுத்துத் தடவுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை போதும். கதவுகளின் கீழ் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அதில் மண் அடைத்திருந்தால் குச்சியால் சுத்தம் செய்யுங்கள், கதவுக்குள் தண்ணீர் நின்றுதான் அடியில் துரு பிடிக்கிறது.

இப்போது கழுவுவதற்கு வருகிறேன். காலையில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியுமாகத் தெருவில் இருக்கிற எல்லா வண்டியையும் துடைத்துக்கொண்டு போகிறவர் இருந்தால், அவருக்கு மாதக் காசைக் கொடுத்துவிட்டு உங்கள் வண்டியைத் தொட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை, அந்த முறைதான் தப்பு. காய்ந்த மண்ணும் சாம்பலும் படிந்த கருப்பு வண்டியைத் துணியால் இழுத்தால் வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும். தினமும் துடைக்கவே வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை நன்றாகக் கழுவுங்கள், நடுவில் காக்கை எச்சமோ மர கோந்தோ விழுந்தால் அதை மட்டும் நனைத்து ஊறவைத்து எடுங்கள். எச்சத்தை மட்டும் நாள் கணக்கில் விடக் கூடாது, சென்னை வெயிலில் அது பெயின்டைத் தின்றுவிடும்.

கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழே ஊற்றி மண்ணைத் தானாக இறங்க விடுங்கள். சக்கரங்களைத் தனி வாளி, தனி பிரஷ் வைத்து முதலிலேயே முடித்துவிடுங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைத் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். துணி சோப்புத் தூளும் பாத்திரம் கழுவுகிற திரவமும் வேண்டாம், அவை மேலே பூசியிருக்கிற வேக்ஸைக் கழற்றிவிடும், ரப்பரையும் வெளுக்க வைக்கும். பம்பரின் கீழ்ப்பகுதி, கதவின் அடிப்பகுதி எப்போதும் கடைசியில், ஏனென்றால் மண் அதிகம் இருப்பது அங்கேதான்.

தண்ணீர்தான் நம் பக்கத்தில் பெரிய பிரச்சினை. போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வட்டம் வட்டமாக உப்புக் கறை நிற்கும், கருப்பு வண்டியில் அது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும், நாள் ஆனால் பாலிஷ் போட்டாலும் போகாது. ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறுகிற தண்ணீரைச் சேர்த்துவைத்து வண்டி கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது போர் தண்ணீரைவிட மோசம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதற்கு நான் கண்ட நல்ல வழி வீட்டு ஏசியின் தண்ணீர். காற்றிலிருக்கிற ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் அதில் கரைந்த உப்பு கிட்டத்தட்டக் கிடையாது, நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு ராத்திரி ஏசி ஓடினாலே கணிசமாகத் தேறும். போர் தண்ணீரில் கழுவி முடித்ததும் கடைசி அலசலுக்கு இதை ஊற்றி, பெரிய மைக்ரோஃபைபர் டவலைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள். காலை ஏழு மணிக்குள் அல்லது சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, பானெட் கையில் சூடாக இல்லாதபோது மட்டும்.

அடிப்பகுதியை மாதம் ஒரு தடவை வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்டில் ஏற்றிக் கழுவச் சொல்லுங்கள். சக்கர வளைவுகளின் உள்பக்கம், பின் சப்ஃப்ரேம், ஸ்பிரிங் உட்காருகிற இடம், பிரேக் பைப் இவற்றில் வெறும் தண்ணீர் நன்றாகப் பட வேண்டும். முடிந்ததும் பல இடங்களில் பளபளப்புக்காக டீசலை ஸ்ப்ரே பண்ணிக் கொடுப்பார்கள். கண்டிப்பாக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். டீசல் படப் பட ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதி மெத்தென்று ஆகிவிடும், மேலே அடுத்த நாளே மண் ஒட்டிக்கொள்ளும். துருத் தடுப்பு வேண்டுமென்றால் அடிப்பகுதி முழுக்கக் காய்ந்த பிறகு மெழுகு வகைக் கோட்டிங் அடிக்கலாம். ஏற்கெனவே துரு இருக்கிற இடத்தின் மேல் கருப்புத் தார் மாதிரியானதைப் பூசி மூடுவதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே அது பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும். எஞ்சின் அறையில் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

செராமிக் கோட்டிங் பற்றிக் கேட்டீர்கள். போடலாம், ஆனால் அதற்கு முன்னால் செய்கிற வேலைதான் பாதிப் பலன். முதலில் இரும்புத் தூளைக் கரைக்கிற ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அது பட்ட இடத்தில் ஊதா நிறத்தில் வழியும், நம் பக்கத்து வண்டியில் அது எவ்வளவு வழிகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அப்புறம் களிமண் கட்டி மாதிரி வருகிற க்ளே பாரை வழுக்கலான திரவம் தெளித்து ஓட்டி, கையால் தடவினால் கண்ணாடி போல் ஆகும்வரை கொண்டுவர வேண்டும். அதன் பிறகுதான் மெஷின் பாலிஷ். 2003 கடைசியிலிருந்து பென்ஸ் இந்த வண்டிகளுக்கு நானோ துகள் கலந்த கடினமான க்ளியர்கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, போட்டது, அதனால் மற்றக் கார்களில் ஒரு சுற்றில் போகிற கீறல் இதில் இரண்டு மூன்று சுற்று கேட்கும். அவசரப்படுகிற ஆளிடம் கொடுத்தால் ஓரங்களில் பெயின்ட்டைச் சுட்டுவிடுவார். பதினேழு வருடத்துக்கு மேலான வண்டி என்பதால் பெயின்ட் கனத்தை அளக்கிற மீட்டர் வைத்திருக்கிற கடைக்குப் போங்கள், எந்தப் பேனல் ஏற்கெனவே பட்டி போட்டு அடித்தது என்பதும் அதில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் தெருவில் நிற்கிற வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெயின்டைக் காக்கிற நல்ல சீலன்ட் பூச்சை நீங்களே போடுவது போதும். கவர் போடுவதையும் நிறுத்துங்கள். தூசிப் படிந்த வண்டியின் மேல் கவரை இழுத்தால் காற்றில் அது ஆடி ஆடித் தேய்க்கும், மழையில் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். மேலே ஒரு ஷீட் இறக்க இடமிருந்தால் அதுவே மேல்.

உள்ளே லெதர் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெயோ பளபளப்பு ஸ்ப்ரேயோ வேண்டாம், தூசி ஒட்டிக் கருத்துவிடும். லெதர் க்ளீனரை பிரஷ்ஷில் விட்டு மெதுவாகத் தேய்த்து, ஈர மைக்ரோஃபைபரால் எடுத்துவிட்டு, கண்டிஷனர் சன்னமாக. வியர்வை உப்பு அதிகம் சேருவது டிரைவர் சீட்டின் ஓரத்திலும் ஸ்டீயரிங்கிலும். இரண்டு வருடம் மூடிக் கிடந்த வண்டி என்பதால் மேட்டுக்கு அடியில் பூஞ்சை வாசம் வரலாம், அதற்கு வாசனை ஸ்ப்ரே தீர்வு இல்லை. மேட்டைத் தூக்கி அடியில் இருக்கிற ஸ்பாஞ்ச் நனைந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள், நனைந்திருந்தால் வெயிலில் எடுத்துக் காயப்போட்டே ஆக வேண்டும், ஏனென்றால் வயரிங் சில அதற்கடியில்தான் ஓடுகிறது. கேபின் ஃபில்டரை கரி கலந்த வகையாக மாற்றுங்கள், மணலி பக்கம் போகும்போது வித்தியாசம் மூக்குக்குத் தெரியும்.

சரி, மெக்கானிக் வேலை. நின்ற வண்டி என்பதால் திரவங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். டேங்கில் இருக்கிற இரண்டு வருட டீசலை முடிந்தவரை இறக்கிவிட்டு, டீசல் ஃபில்டரை மாற்றிப் புது டீசல் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது அது. எஞ்சின் ஆயில் ஃபில்டரோடு சேர்த்து ஆறரை லிட்டர் வரை பிடிக்கும். டப்பாவில் பென்ஸ் ஒப்புதல் எண் 229.5 அல்லது 229.51 இருக்கிறதா என்று பாருங்கள், சைலன்சரில் துகள் ஃபில்டர் இருக்கிற வண்டிக்கு 229.51 அல்லது 229.31தான். விளம்பரத்தைவிட அந்த எண் முக்கியம். பத்தாயிரம் கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றிவிடுங்கள். மூலக்கடை சிக்னலில் நிற்கிற நேரமெல்லாம் மீட்டரில் ஏறாது, ஆனால் எஞ்சினுக்கு அதுவும் ஓட்டம்தான்.

இந்த எஞ்சினில் நீங்கள் அவசியம் பார்க்க வேண்டியது இஞ்செக்டர். மேலே இருக்கிற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் நாலு இஞ்செக்டரும் தெரியும். அதன் அடியில் இருக்கிற செம்பு வாஷர் தளர்ந்தால் எரிந்த வாயு மேலே கசிந்து, தார் ஊற்றிய மாதிரி கருப்பாகக் கெட்டிப்படும். ஸ்டார்ட் செய்ததும் சுக் சுக் என்று சன்னமாகச் சத்தம், ஏசி வழியாகப் புகை வாசம், இரண்டும் அதன் அடையாளம். ஆரம்பத்தில் பிடித்தால் வாஷரும் போல்ட்டும் மாற்றி, உட்காருகிற இடத்தை அதற்கான கட்டரால் சுத்தம் செய்வதோடு முடியும். விட்டுவிட்டால் இஞ்செக்டர் இறுகிப் பிடித்து, கழற்றும்போது சிலிண்டர் ஹெட்டிலேயே கைவைக்க வேண்டியதாகிவிடும். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறேன் என்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். இழுத்து எடுக்கிற புல்லர் கருவி வைத்திருப்பவர்தான் இதற்குச் சரி.

கியர்பாக்ஸ் ஐந்து வேக ஆட்டோமேட்டிக், 722.6 என்று சொல்வார்கள், உழைக்கிற சாமான். "கியர் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் கேஸ்கெட்டும் மாற்றினால்தான் நிற்கும். எண் 236.14 இருக்கிற ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், வேண்டும். இதில் அளவு பார்க்கிற குச்சி வண்டியோடு வராது, மூடி பூட்டியிருக்கும். ஆயில் 80 டிகிரி சூட்டுக்கு வந்த பிறகு அதற்கென்று இருக்கிற குச்சியை விட்டு அளக்க வேண்டும், குளிர்ந்த நிலையில் குத்துமதிப்பாக ஊற்றினால் கியர் விழும்போது இடிக்கும். அந்த வேலையோடு சேர்த்து கியர்பாக்ஸின் பக்கத்தில் வயர் நுழைகிற 13 பின் கனெக்டரையும் மாற்றச் சொல்லுங்கள். விலை குறைந்த சாமான், அதன் ஓ-ரிங் தேய்ந்தால் ஆயில் வயர் வழியாகவே ஏறி கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வரை போய்விடும்.

கூலன்ட் பென்ஸ் 325.0 எண் இருப்பதை, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வழியில் குறைந்தது என்று போர் தண்ணீர் விட்டால் உள்ளே உப்புப் படியும். கூலன்ட் டப்பாவின் பிளாஸ்டிக் மஞ்சளாகி வெடிப்பு விட்டிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள், மே மாத மத்தியான வெயிலில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல் நெரிசலில் அது உடைந்தால் எஞ்சினே பலி. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி கன்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும், மெதுவான தண்ணீரில் கழுவினாலே ஏசி குளிர்ச்சி கூடும். பிரஷர் கன் அடித்தால் அதன் மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும்.

டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டை நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள், இரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்ற டயர் உருண்டையாகவும் இருக்காது. முன்பக்க ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், எஞ்சின் மவுன்ட், பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டின் ரப்பர் வட்டு, இவற்றை ஒரே தடவை லிஃப்டில் பார்த்துவிடலாம். கியரை டியில் போட்டு பிரேக்கை மிதித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மவுன்ட். பிரேக் விஷயத்தில் உங்களுக்கு ஒரு நிம்மதி. 2006க்கு முந்தைய வண்டிகளில் எஸ்பிசி என்று மின்சாரத்தால் அழுத்தம் தருகிற பிரேக் இருந்தது, அதை டயக்னாஸ்டிக் மெஷினால் நிறுத்தாமல் பேடு மாற்றினால் தானாக அழுத்தி விரலை நசுக்கிவிடும். உங்களுடையதில் சாதாரண பிரேக்தான். இதே மாடலில் பழைய வண்டி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லாமல் பேடு மாற்ற விடாதீர்கள்.

மெஷினை மாட்டிக் கோளாறு பார்க்கிற ஸ்கேனைப் புதுப் பேட்டரி போட்டு நன்றாகச் சார்ஜ் ஏற்றிய பிறகு செய்யுங்கள். வோல்டேஜ் குறைந்தால் இந்த வண்டி ஏர்பேக், ஏபிஎஸ் என்று இல்லாத கோளாறையெல்லாம் காட்டும், அதை நம்பி சென்சார் சென்சாராக மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. பேட்டரி ஏஜிஎம் வகையாக இருக்கட்டும், டிக்கிக்குள் இருப்பதால் அதன் வாயு வெளியே போகிற சின்னக் குழாயைத் திரும்ப மாட்டினார்களா என்று நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்றங்கள். முன் லைட் மங்கலாக இருப்பதற்குப் பல்ப் காரணமாக இருக்காது, மேல் பிளாஸ்டிக் மஞ்சளாகியிருக்கும். அதை ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரம் எண் ஈர உப்புத் தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே யுவி தடுப்பு க்ளியர் அடித்தால் ராத்திரியில் ரோடு தெரியும். அந்த க்ளியரை அடிக்காமல் விட்டால் சில மாதத்திலேயே திரும்ப மஞ்சளாகும், பற்பசை வைத்துத் தேய்க்கிற வீடியோக்களில் இதைத்தான் சொல்வதில்லை. ஹாலோஜன் பல்புக்காக வடிவமைத்த லைட்டுக்குள் எல்இடி பல்ப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும், ரோட்டில் விழுவது குறையும். கூடவே இந்த வண்டி பல்ப் இழுக்கிற மின்சாரத்தை அளந்துகொண்டே இருப்பதால் டேஷ்போர்டில் பல்ப் போய்விட்டது என்று எச்சரிக்கை வரும். நல்ல கம்பெனியின் 55 வாட் எச்7 ஹாலோஜன் போதும், நூறு வாட் போட்டு வயரை உருக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் எனக்குப் பிடிக்காது, காரணம் சொல்கிறேன். இந்த வண்டியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், சிடி சேஞ்சர் எல்லாம் மோஸ்ட் என்கிற, ஒளி செல்கிற பிளாஸ்டிக் இழைக் கேபிளில் வளையமாக இணைந்திருக்கும். ஆக்சசரி கடையில் சாதாரண வயர் என்று நினைத்து அதை மடக்கினாலோ வெட்டினாலோ வளையம் அறுந்து மொத்தமாகச் சத்தம் போய்விடும். அதை ஒழுங்காகச் சேர்க்கிற டிகோடர் பெட்டியோடு போடத் தெரிந்தவர் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். ஆக்ஸ் துளை இருந்தால் ஒரு ப்ளூடூத் அடாப்டரும், மேப்புக்கு ஒரு போன் ஹோல்டரும் வையுங்கள், டேஷ்போர்டின் மரமும் அந்தப் பழைய பட்டன்களும் கெடாமல் இருக்கும். பின் கேமரா போடுவதில் எனக்குச் சம்மதம், நம் சந்துகளில் இந்த நீளத்தை ரிவர்ஸ் எடுக்க அது தேவை.

18 இன்ச் வீல் வேண்டாம். உங்கள் வண்டிக்கு 225/55 ஆர்16 கொடுத்திருப்பது காரணத்தோடுதான், டயரின் சுவர் உயரமாக இருந்தால்தான் கன்டெய்னர் லாரி தோண்டிய பள்ளத்தில் ரிம் வளையாது. அந்தக் காசுக்கு நாலு நல்ல டயரும், நாலு ஷாக் அப்சார்பரும் போட்டுப் பாருங்கள், அது புது வண்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டுகிற ரீமேப் வேலையும் இந்த வயதில் கியர்பாக்ஸுக்கு வேண்டாத சுமை.

பார்ட்ஸ் வாங்கும்போது சேசி நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போஷ், மான், மாலே, லெம்ஃபோர்டர், சாக்ஸ் போன்றவர்கள் பென்ஸுக்கே சப்ளை செய்கிறவர்கள், அவர்கள் பெட்டியில் வாங்கினால் விலை குறையும், தரம் குறையாது. பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் கண்ணாடி, கைப்பிடி, மர டிரிம், டிக்கி லைட், சீட் பட்டன் மாதிரி சாமான்கள் தேடலாம், பொறுமை இருந்தால் நல்லது கிடைக்கும். பிரேக், புஷ், பம்ப், ரப்பர் எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

மழைக்காலத்தில் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் தண்ணீர் நிற்கும்போது முன்னால் போகிற பஸ்ஸைப் பார்த்து இறக்காதீர்கள். எஞ்சின் தண்ணீரை ஒரு தடவை உறிஞ்சினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். நின்ற இடத்திலேயே தண்ணீர் ஏறிவிட்டால் சாவியைத் தொடாமல், முடிந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தூக்கிப் போகிற வண்டியைக் கூப்பிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது, அப்போது நனைந்த வண்டிகளுக்கு ரப்பர் சாமான் முழுக்க மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் பெரியப்பா வண்டி அப்போது எங்கே நின்றது என்று அவரிடமே கேளுங்கள், சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தில் சேறு, துரு இருந்தாலும் தெரிந்துவிடும்.

ஆர்சியையும் பாருங்கள். 2008 வண்டிக்கு 2023இலேயே 15 வருடம் முடிந்திருக்கும். அப்போது எஃப்சி காட்டிப் புதுப்பித்திருந்தால் அடுத்த 5 வருடத்துக்குச் செல்லும், விட்டிருந்தால் ரோட்டில் எடுப்பதற்கு முன் அதை முடித்தாக வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் பெரியப்பா கையெழுத்தோடு படிவம் 29, 30 வேண்டும், இன்சூரன்ஸும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை இலை அடைப்பு, டிக்கிக் குழி, இஞ்செக்டர் மூடி மூன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள் தம்பி. இஞ்செக்டர் பக்கம் கருப்பாக இருந்தால் வண்டியை அதிகம் ஓட்டாமல் எனக்குச் சொல்லுங்கள், புல்லர் கருவியோடு அந்த வேலையைப் பொறுமையாகச் செய்கிற ஒருவர் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறார், கூட்டிப் போகிறேன்.